முத்திரை யாருக்கு?

சித்திரை பிறந்த மறுதினமே கிழக்குக் கரையில் விசைப் படகுகள் கட்டிப் போடப்படுகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் அவை கடலுக்குள் செல்லலாகாது. 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்த தடை இது. மீன்கள் இனம் பெருகும் காலமென்பது காரணம். அது முடிகிற சமயத்தில் கேரளக் கரையில் தடை ஆரம்பித்து, ஜூலை 31 வரை 52 நாள் நீடிக்கிறது. ஆகவே, ஆடி மாதம் பாதி கழியும் வரையில் கோயமுத்தூர் உக்கடம் மீன் அங்காடியில் முணுமுணுப்புக்குக் குறைவில்லை. "வஞ்சிரம் இந்த விலையா!" என்று வெறும் பையுடன் திரும்புகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். கடற்கரையே இல்லாத கொங்கு நாட்டார் கடலின் மீது கொள்ளும் கோபம் வேடிக்கையானதுதான்.

கோபிப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். தடைக் காலத்தில் தமிழ்நாட்டு மீனவக் குடும்பத்துக்குச் சர்க்கார் தரும் நிவாரணம் 8,000 ரூபாய். 61 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 131 ரூபாய் ஆகிறது. நாம் கூடுதல் விலை கொடுக்கிறோம். அவர்களோ பிழைப்பையே கொடுக்கிறார்கள்.

இப்படி வயிற்றைக் கட்டியதற்குப் பலன் உண்டா என்று கேட்டால், கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலைக் காட்டலாம். அங்கே 1981-இல் மட்டி எடுக்கும் தொழில் ஆரம்பமாயிற்று. வியட்நாம், தாய்லாந்து, மலேசியா தேசங்களில் கிராக்கி ஏற்படவே, 1991-இல் வருஷத்துக்குப் பதினாயிரம் டன் வரை வாரினார்கள். இரண்டே வருஷத்தில் அது பாதியாகக் குறைந்தது! அப்போதுதான் விழிப்பு உண்டாயிற்று. மட்டி இனம் பெருகும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை என்றும், குஞ்சுகள் தப்பிச் செல்லும்படியான கண் அகன்ற வலையையே உபயோகிப்பதென்றும் ஏற்பாடாயிற்று. கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வழிகாட்டினார்கள். சுமார் மூவாயிரம் பேருடைய சோறு நிலைத்தது. 2014 நவம்பரில், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கடல் பராமரிப்புக் கவுன்சிலின் நற்சான்று முத்திரை கிடைத்தது. பாரத தேசத்தில் அம்முத்திரையை முதன்முதல் பெற்றது அஷ்டமுடிதான்.

பெருமைதான், ஆயினும் நமக்கு ஒரு குறை உண்டு. பரிசோதனைச் செலவு மீன் பிடிக்கிற தரப்பைச் சார்ந்தது. ஐந்தாண்டுக்கொரு முறை மறுபரிசோதனையும் உண்டு. நாகப்பட்டினத்துக் கட்டுமரக்காரர் அதற்கு எங்கே போவார்? அயல்நாட்டுக் கடையில் வாங்குகிறவர் நீல முத்திரையைப் பார்த்து நிம்மதி அடைகிறார். அதே கடலின் மீனை உக்கடத்தில் வாங்கும் நம்மவர், "புதுசா?" என்று செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி. எந்தக் கரை, எந்த வலை என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்நியர் கேட்டால்தான் நமது கடலுக்குக் காவலா?

முத்திரை இல்லாமலே செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. 2015-இல் கேரள சர்க்கார் பதினான்கு வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் விதித்தது: மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14. அதற்குக் குட்டையானவை ஒரு தடவைகூட முட்டையிடாத குஞ்சுகள். பொடி மத்தியைக் கூறு கட்டி மலிவாகத் தருகிறார்களே, அதுதான் இது. பத்து சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய அரைச் சாண். அளவுகோல் நமது கையிலேயே இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் நமது வாசகர்கள் கையை விரித்து மத்தியை அளந்தால் கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும், நாலு பேர் அளந்து பார்த்து வேண்டாமென்றால், மறு வாரம் அந்தக் கூறு அங்கே இராது.