யாரும் கேட்காத கேள்வி

பிரசவத்துக்காக வேலையை விட்டுவிட்டு வந்த எனக்கு யோசனை சொல்ல ஊரே திரண்டு வருகிறது. ஆரி ஒர்க் கற்றுக்கொள்ளச் சொல்கிறார் மதினி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடு என்கிறார் சித்தப்பா. போனிலேயே சம்பாதிக்கலாமாம் என்று எதிர்வீட்டு அக்கா ஒரு விளம்பரத்தை அனுப்புகிறார். எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர்கூட, "ஒரு நாளில் உனக்கென்று எந்த நேரம் மிஞ்சுது? அதுல யாரும் கூப்பிடாம எவ்வளவு நேரம் உன்னால உட்கார முடியும்?" என்று கேட்டதில்லை. எனக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று சொல்ல முதலில் தெரிய வேண்டியது அதுதானே!

டியூஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவது மாலை 5 மணிக்கு மேல். அந்த நேரத்தில்தான் குழந்தைக்குப் பசி, அத்தைக்குக் காபி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பு. போனில் வாடிக்கையாளரிடம் பேசும் வேலைக்கோ சத்தமில்லாத அறை வேண்டும். எங்கள் வீட்டில் கதவு வைத்த அறையே ஒன்றுதான், அதில் மாமா படுத்திருக்கிறார். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் வேலையையும் செய்து பார்த்தேன். கூலி ஒலிப்பதிவின் நிமிடக் கணக்குக்கு. ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க, பழகியவர்களுக்கே சுமார் 4 மணி நேரம் பிடிக்கும். நடுவில் எழுந்து போனால் விட்ட இடத்தைத் தேடுவதற்கே தனி நேரம். விளம்பரத்தில் இதெல்லாம் வராது. 'உங்களுக்கு வசதியான நேரத்தில்' என்ற ஒரு வரி மட்டும் வரும்.

இடையில் நிறுத்தி, திரும்ப வந்து தொடரக்கூடிய வேலைகளும் உண்டு. தையல் அப்படி. எங்கள் தென்காசிப் பக்கத்தில் பீடி அப்படி. இலையையும் தூளையும் மடியில் முறத்தில் வைத்துச் சுற்றுவார்கள். பிள்ளை அழுதால் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் இதில் இருந்ததற்குத் தூளின் நெடி பிடித்தது காரணமில்லை. வீட்டு வேலை அவர்களுக்கு விட்டுவைத்த துண்டுத் துண்டு நேரத்துக்குள் அது அடங்கியதுதான் காரணம். கடையில் பீடியைக் கழித்துவிட்டால் கூலி போச்சு, நெஞ்சில் இருமல் தங்கிவிடும். அதைப் போய் நல்ல வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? யாரிடம் வேலை செய்கிறோம் என்பதே பல பேருக்குத் தெரிவதில்லை. வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்காக 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த ஒப்பந்தத்தை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். 26 வாரம் விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம். விடுப்பு முடிந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய வழி. ஆனால் கடைசியாகச் சொன்னது முதலாளி சம்மதித்தால்தான். நான் இருந்த இடத்தில் 50 பேர் கிடையாது, சம்மதமும் கிடையாது. தெரிந்த வேலையைக் கைவிட்டு, தெரியாத வேலைகளில் எது ஒத்துவரும் என்று தேட வைத்தது அந்த ஒரு மறுப்புதான். இதைச் சொன்னால், "பழசை ஏன் பேசுதே, இனி ஆகவேண்டியதைப் பாரு" என்கிறார்கள்.

இந்தத் தவிப்பைத்தான் மோசடிக்காரர்கள் மோப்பம் பிடிக்கிறார்கள். டேட்டா என்ட்ரி என்று பதிவுக் கட்டணம் வாங்குவார்கள். அடித்துக் கொடுத்த பிறகு பிழை அதிகம் என்று சம்பளத்தை மறுத்து, வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டி அபராதமும் கேட்பார்கள். இன்னொரு கூட்டம் வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி முதலில் சில நூறு ரூபாய் தரும், பிறகு பெரிய வேலைக்கு முன்பணம் என்று ஆயிரக்கணக்கில் கறக்கும். வேலை கொடுப்பவன் நம்மிடம் பணம் கேட்டாலே அது வேலை இல்லை. ஏமாந்த பெண் வீட்டில் திட்டுவார்களே என்று வாயை மூடிக்கொள்கிறாள். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்திருந்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பாவது இருந்திருக்கும்.

இனிமேல் எனக்கு வேலை சொல்ல வருகிறவர்கள் முதலில் என் வீட்டாரிடம் பேசட்டும். காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை குழந்தையை யார் தூக்கி வைத்துக்கொள்வார்கள், வாசல் மணி அடித்தால் யார் எழுந்து போவார்கள், மாமாவின் கட்டிலைக் கூடத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டு ஒரு முடிவு வாங்கித் தரட்டும். ஆரி ஒர்க்கா டியூஷனா என்பதை அந்த 3 மணி நேரம் கைக்கு வந்த பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன்.