உடல் துர்நாற்றத்திற்கு உணவு ஒவ்வாமை காரணமா? விற்பனையில் உள்ள இரத்தப் பரிசோதனைகளும் உண்மை நிலையும்

உடல் துர்நாற்றத்திற்கு ஆலோசனை கேட்டு வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரில் சிலர், அண்மைக் காலமாகக் கையில் ஒரு நீண்ட பட்டியலுடன் வருகின்றனர். இணையத்தில் பணம் செலுத்திப் பெற்ற ‘உணவு உணர்திறன்’ இரத்தப் பரிசோதனையின் அறிக்கை அது. பால், கோதுமை, முட்டை, துவரம்பருப்பு, நிலக்கடலை எனப் பல உணவுகளுக்கு எதிரே சிவப்புக் குறி இடப்பட்டிருக்கும். இவற்றை விலக்கினால் நாற்றம் நீங்கும் என நம்பி, வீட்டுக் குழந்தைகளுக்கும் பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டவர்கள் உண்டு. ஆகவே இது குறித்துச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது.

இப்பரிசோதனைகளில் பெரும்பாலானவை ஐ.ஜி.ஜி. எனப்படும் எதிர்ப்புப் புரதத்தை அளவிடுகின்றன. நாம் வழக்கமாக உண்ணும் உணவுகளுக்கு எதிராக இப்புரதம் இரத்தத்தில் காணப்படுவது இயல்பே. உடல் அவ்வுணவைச் சந்தித்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. நாள்தோறும் பால் அருந்துபவருக்குப் பாலுக்கு எதிரே குறி விழுவதில் வியப்பில்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மற்றும் நோயெதிர்ப்பியல் கழகம் 2008-லும், கனடா நாட்டின் ஒவ்வாமையியல் சங்கம் 2012-லும் இப்பரிசோதனையை உணவு ஒவ்வாமையைக் கண்டறியப் பயன்படுத்தக் கூடாது எனத் தெளிவாக அறிவித்துள்ளன.

உண்மையான உணவு ஒவ்வாமை பெரும்பாலும் உண்ட சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி என வெளிப்படும். பாலிலுள்ள சர்க்கரை செரிக்காதவர்களுக்கு வயிற்றுப் பொருமலும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். வாயு நாற்றம் இருக்கலாம். வியர்வை நாறுவது இதன் அறிகுறி அன்று. கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயில் மலம் கடுமையாக நாறக்கூடும். அந்த ஐயம் உள்ளவர்கள் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோயைக் கண்டறிவது கடினமாகிவிடும்.

இதனால் உணவுக்கும் உடல் மணத்திற்கும் தொடர்பே இல்லை என்று கருத வேண்டா. பூண்டு உண்டபின் அதன் கந்தகச் சேர்மம் ஒன்று இரத்தத்தில் கலந்து பல மணி நேரம் மூச்சின் வழியே வெளியேறுகிறது. பல் துலக்குவதால் அது நீங்காது. வெந்தயத்தை மிகுதியாக உட்கொள்வோரின் வியர்வையிலும் சிறுநீரிலும் பாகு போன்ற மணம் வீசும். பிரசவ நேரத்தில் தாய் வெந்தயக் கஷாயம் அருந்தியதால் பிறந்த குழந்தையிடம் அம்மணம் வீச, அதை ஓர் அரிய பிறவி வளர்சிதை மாற்ற நோயென மருத்துவர்கள் ஐயுற்ற நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இவை ஒவ்வாமை அல்ல, தீங்கும் அல்ல. உணவை நிறுத்தினால் தாமே மறையும்.

உணவால் உண்மையிலேயே உடல் நாறும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் டிரைமெத்திலமினூரியா. முட்டை மஞ்சள் கரு, ஈரல், சோயா, பயறு வகைகள் ஆகியவற்றிலுள்ள கோலின் என்னும் சத்திலிருந்து குடல் நுண்ணுயிரிகள் டிரைமெத்திலமின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. கடல் மீனிலிருந்தும் இது உருவாகும். கல்லீரல் நொதி ஒன்று இதனை மணமற்றதாக மாற்றிவிடுவது வழக்கம். அந்நொதிக்குரிய மரபணுக் குறைபாட்டைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு அப்பொருள் மாறாமல் வியர்வை, மூச்சு, சிறுநீர் வழியே வெளியேறி அழுகிய மீன் போன்ற நாற்றத்தை உண்டாக்குகிறது. எவ்வளவு குளித்தாலும் பயனிராது. நாற்றம் விட்டுவிட்டு வருவதாலும், மாதவிடாயையொட்டி மிகுவதாலும் இவர்களைத் தூய்மையற்றவர்கள் என்று பிறர் பழிப்பதுண்டு. சிறுநீர்ப் பரிசோதனையால் இந்நோயை உறுதிசெய்யலாம். கோலின் குறைந்த உணவு, வைட்டமின் பி2, சற்று அமிலத்தன்மையுள்ள சோப்பு ஆகியவை பயன் தரும். எனினும் கோலின் இன்றியமையாச் சத்து. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதனைத் தாமாகக் குறைத்தல் கூடாது.

பெரும்பாலானோருக்குக் காரணம் எளியது. வியர்வை சுரக்கும்போது மணமற்றது. அக்குளிலுள்ள பாக்டீரியாக்கள் அதனைச் சிதைப்பதால்தான் நாற்றம் எழுகிறது. எனவே வீட்டு வைத்தியங்களுள், பாக்டீரியாவையோ ஈரத்தையோ குறைப்பவையே பயன்படும். படிகாரம் அவற்றுள் சிறந்தது. அதுவும் ஓர் அலுமினிய உப்பே. குளித்தபின் நனைத்து, காயமில்லாத தோலில் தேய்க்கலாம். அக்குள் முடியைக் குறைத்தலும், நன்கு துவட்டியபின் பருத்தி ஆடை அணிதலும் உதவும். வெட்டிவேரும் சந்தனமும் நாற்றத்தை மறைக்கும், அவ்வளவே. எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் சென்றால் தோல் கொப்புளிக்கலாம். சமையல் சோடா தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைத்து எரிச்சல் தரும். ‘நச்சு நீக்கும்’ கரித்தூள் மாத்திரைகள், நீங்கள் உண்ணும் பிற மருந்துகளையும் உறிஞ்சிவிடக்கூடும்.

குறிப்பிட்ட உணவின் மீது ஐயம் இருப்பின் அது ஒன்றை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து, பின்னர் மீண்டும் உண்டு பாருங்கள். இது நாற்றத்திற்கு மட்டுமே. உண்டதும் வீக்கமோ மூச்சுத்திணறலோ ஏற்படுத்திய உணவை மருத்துவ மேற்பார்வையின்றி மீண்டும் உண்ணக் கூடாது. உடன் இருப்போர் எவரும் உணராத நாற்றம் தமக்கு இருப்பதாக எண்ணி வெளியே செல்லவே அஞ்சுவோருக்கு மனநல மருத்துவரின் சிகிச்சை பலன் தரும். இதில் வெட்கத்திற்கு இடமில்லை.

திடீரென மாறும் மணத்தைப் புறக்கணிக்க வேண்டா. மூச்சில் பழவாடையுடன் அதிக தாகம், வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம் ஆகியவை சேர்ந்தால் அது நீரிழிவின் அவசர நிலையாக இருக்கக்கூடும். தமக்கு நீரிழிவு இருப்பதை அதுவரை அறியாதவர்களுக்கும் இவ்வாறு நேரலாம். தாமதமின்றி 108 ஊர்தியை அழைக்கவும். அம்மோனியா வாடையுள்ள மூச்சு, சிறுநீரகம் பழுதடைந்ததைக் காட்டலாம். இரத்தச் சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனைகளை அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.