அசல் குரல் என்னும் மூடநம்பிக்கை

சி.எஸ். ஜெயராமனா, டி.எம். சௌந்தரராஜனா என்ற பழைய தகராறை, கல்பாக்கத்துக்கு என்னைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர் மறுபடியும் கிளப்பிவிட்டுப் போயிருக்கிறார். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் நிழலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார். சிவாஜி கணேசனுக்கு முதலில் பாடியவர் ஜெயராமன். அவரை இறக்கி சௌந்தரராஜனை ஏற்றிய அன்றே தமிழ் சினிமாப் பாட்டிலிருந்து சங்கீதம் வெளியேறிவிட்டது என்பது அவர் கட்சி. ஒரு தனி மனிதரின் அபிப்பிராயம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் நம் சிறிய வட்டத்தில் இது ஒரு ரசனைச் சான்றிதழாகப் பல வருஷங்களாகப் புழங்கி வருகிறது. ஜெயராமனைச் சொன்னால் ஆழமானவன். சௌந்தரராஜனைச் சொன்னால் தரை டிக்கெட். நானும் இந்தச் சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன்தான். ஆகவே இந்த மறுப்பில் பாதி எனக்கே எதிரானது.

முதலில் விவரங்கள். 'பராசக்தி' 1952இல் வந்தது. சிவாஜிக்கு முதல் படம். ஆர். சுதர்சனத்தின் இசையில் அவருக்காகப் பாடியவர் ஜெயராமன். 1954இல் ஜி. ராமநாதன் இசையமைத்த 'தூக்குத் தூக்கி'யில் அந்த வாய்க்கு சௌந்தரராஜன் குரல் வந்தது. அதே வருஷம் 'மலைக்கள்ளன்' வழியாக எம்.ஜி.ஆருக்கும் அவர் குரல் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஜெயராமன் 1954இல் துரத்தப்பட்டு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1959இல் 'தங்கப்பதுமை', 1960இல் 'தெய்வப்பிறவி' இரண்டிலும் சிவாஜிக்கே பாடியிருக்கிறார். இந்த விவரத்தை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். பறிக்கப்பட்ட சிம்மாசனம் என்ற கதைக்கு இது இடைஞ்சல்.

நண்பரின் வாதம் முழுவதும் 'அசல்' என்ற ஒரே சொல்லின் மேல் நிற்கிறது. அந்தச் சொல்லைத் தொட்டுப் பார்ப்போம். எம்.கே. தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் தம் சொந்தக் குரலில் பாடி நடித்தவர்கள். அங்கே அசல் என்று சொன்னால் அர்த்தம் உண்டு. உடம்பும் குரலும் ஒரே ஆளுடையவை. 'பராசக்தி'யில் நடப்பது வேறு. நீதிமன்றத்தில் நின்று மூச்சுவிடாமல் பேசுகிறவன் ஒருவன். தெருவில் பாடித் திரிகிறவன் இன்னொருவன். இரண்டு பேரையும் ஒரே முகத்தின்மேல் ஒட்டியிருக்கிறார்கள். ஜெயராமனே ஒரு மாற்றுக் குரல்தான். முதலில் வந்த மாற்றுக் குரல், அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் கேட்டதை மூலம் என்று நினைப்பது காதின் சோம்பேறித்தனம். அதற்கு விமர்சனம் என்று பெயர் வைக்கக் கூடாது.

எதிர்க்கட்சி மட்டும் யோக்கியமா? அவர்களுடைய சொல் 'பொருத்தம்'. சிவாஜிக்கு சௌந்தரராஜன் குரல்தான் பொருந்தியது என்பார்கள், ஜாதகம் பார்த்ததுபோல. 1952இல் 'பராசக்தி'யைத் திரும்பத் திரும்பப் பார்த்த கூட்டம் இந்தக் குரல் இந்த முகத்துக்கு ஒட்டவில்லை என்று எழுந்து போய்விடவில்லையே. பொருத்தம் என்பது பின்னால் உண்டானது. வருஷக்கணக்காக, நூற்றுக்கணக்கான பாட்டுகளில், ஒரே முகத்தோடு ஒரே குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய பிறகு, பழக்கத்தை விதி என்று சொல்லிக்கொள்கிறோம். கூட்டம் மறந்தவரைப் பிடித்துத் தொங்குவது ரசனை ஆகாது என்றால், கூட்டம் பழகிக்கொண்டதைத் திருப்பிச் சொல்வதும் ரசனை ஆகாது.

சரி, உண்மையில் மாறியது என்ன? இதைத்தான் இரு கட்சிக்காரர்களும் கேட்பதில்லை.

ஜெயராமனின் குரல் மூக்கிலிருந்து வருகிறது. கமகம் வரியின் முனையைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. நடிகன் முகத்தை எப்படி வைத்துக்கொண்டாலும் குரல் தன் பாட்டுக்குப் போகிறது. பேசியவன் வேறு, பாடுகிறவன் வேறு என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. அதை மறைக்கும் பிரயாசையே இல்லை. எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு இது அந்நியமாகவும் படாது. வேஷம் கட்டி ஆடுகிறவன் ஒரு வரியை எடுப்பான். பின்பாட்டுக்காரர்கள் அதை அவன் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். துரியோதனனின் கோபம் மூன்று தொண்டைகளில் ஒலிக்கும். யாரும் குழம்புவதில்லை. ஜெயராமன் அப்படி ஒரு பின்பாட்டு. 1958இல் வந்த 'சம்பூர்ண ராமாயண'த்தில், டி.கே. பகவதி நடித்த இராவணன் போர்க்களத்தில் தோற்றுத் திரும்புகிறானே, அங்கே அவர் பாடுவதைக் கேளுங்கள். அவமானம் நடிப்பாக வரவில்லை, ராகமாக வருகிறது. அந்த இடத்தில் சௌந்தரராஜனை என்னால் வைத்துப் பார்க்க முடியவில்லை.

சௌந்தரராஜன் செய்தது நேர் எதிரான காரியம். பேசுகிற குரலுக்கும் பாடுகிற குரலுக்கும் இருந்த சந்தை அவர் அடைத்தார். வல்லினத்தை ஆணி அடிப்பதுபோல் அடித்துச் சொல்கிறார். நடிகன் எங்கே மூச்சு வாங்குவானோ அங்கே இவரும் வாங்குகிறார். அழுகையைச் சுருதியைவிட்டு வெளியே போகவிடாமல், வார்த்தைக்குள்ளேயே அடைத்துக் காட்டுகிறார். சிவாஜிக்கு ஒரு தொண்டை, எம்.ஜி.ஆருக்கு இன்னொரு தொண்டை. இது சங்கீதத்தின் சாவு என்று நண்பர் சொல்கிறார். பாட்டு நாடகமானது என்று நான் சொல்வேன். அதில் நஷ்டம் உண்டு; பாட்டைப் பாட்டாகக் கேட்கும் அவகாசம் போய்விட்டது, முகம் அதை விழுங்கிவிட்டது. லாபமும் உண்டு, தமிழ்ச் சொல் இவ்வளவு தெளிவாக அதற்கு முன் மைக்கில் ஒலித்ததில்லை. இருவரும் ஒரே வேலையைச் செய்து ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்கவில்லை. இரண்டு வேறு வேலைகளைச் செய்தார்கள். முதல்வன் செய்ததையே இரண்டாமவனும் செய்தானா என்று அளப்பவன் இரண்டாமவனைக் கேட்கவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த சௌந்தரராஜன் எப்படித் தொடங்கினார்? 1950இல் வெளியான 'கிருஷ்ண விஜய'த்தில், பாகவதரின் நகலாக. அப்படியே அச்சு வார்த்ததுபோலப் பாடினார். அந்த நகல் நல்ல நகல். அதோடு நின்றிருந்தால் இன்று அவர் பெயரைச் சொல்ல ஆளிருக்காது. நகலைக் கைவிட்ட பிறகுதான் அவர் சௌந்தரராஜன் ஆனார். பிறகு 1969 வருகிறது. 'அடிமைப் பெண்'ணில் எம்.ஜி.ஆருக்கு எஸ்.பி. பாலசுப்பிரமணியம் என்ற, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த தெலுங்குப் பையன் பாடுகிறான். அதே படத்தில் சௌந்தரராஜனும் பாடுகிறார். ஆனாலும் முனகல் தொடங்கிவிட்டது: இது வாத்தியார் குரலா, இதில் கம்பீரம் எங்கே, இந்தக் குழைவு யாருக்கு வேண்டும்? நேற்றுவரை மாற்றுக் குரலாக இருந்தவர் ஒரே நாளில் அசல் ஆகிவிட்டார். அசல் என்பது ஒரு ஆள் அல்ல, ஒரு நாற்காலி. அடுத்தவன் வந்தவுடன் எழுந்தவனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

வியாதி நம்முடையது மட்டுமல்ல. 1979இல் பிளாக் சபாத் என்ற ராக் குழு ஆஸி ஆஸ்பர்னை விலக்கிவிட்டு ரோனி ஜேம்ஸ் டியோவைச் சேர்த்துக்கொண்டது. அதன் ரசிகர்கள் இன்றைக்கும் இரண்டு ஜாதியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆஸி ஓலமிட்டவர், டியோ தொண்டை திறந்து பாடியவர். குழு அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு, டியோவுக்கு ஏற்ற பாட்டுகளைப் புதிதாகக் கட்டியது. புதியவனைப் பழையவனின் சட்டைக்குள் திணிக்காத அந்தப் புத்தி, ரசிகர்களில் பாதிப் பேருக்கு இன்னும் வரவில்லை.

எனக்கு அது எப்போது வந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்பாக்கத்தில் முதல் அணு உலை இயங்கத் தொடங்கிய 1983ஐ ஒட்டிய வருஷங்கள். குடியிருப்பில் வேலை செய்த பையன்கள் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள். புதுப்பட்டினத்தில் திருவிழா என்றால் இவர்கள் பாட்டுக் கச்சேரிதான். முன்னால் நின்று பாடியவன் சௌந்தரராஜனை அப்படியே உரித்து வைப்பான். அவனுக்கு ராஜஸ்தானுக்கு மாற்றல் வந்து போய்விட்டான். அவன் இடத்தில் ஒரு புதுப் பையனை நிறுத்தினார்கள். அதே பாட்டுகள்தாம். ஆனால் அவன் தன் தொண்டையால் பாடினான். மெல்லிய, கொஞ்சம் தயங்குகிற குரல். கூட்டம் கூச்சல் போட்டது. அது கூட்டத்தின் வேலை. நான் செய்ததுதான் மன்னிக்க முடியாதது. கச்சேரி முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தவனிடம் போய், இலக்கியம் படித்தவன் என்ற அதிகாரத்தோடு, "தம்பி, போனவனைக் கொஞ்சம் கவனிச்சுப் பாடு, அவன் பாட்டுதான் பாட்டு" என்றேன். ஜெயராமன் கட்சியில் இருந்துகொண்டு, சௌந்தரராஜனின் நகலுக்கு நகலாக இருக்கும்படி ஒருவனுக்குப் புத்தி சொன்னேன். நம் கொள்கைகளின் லட்சணம் இது. "சரிங்க சார்" என்றான்.

அவன் கவனித்தான். இரண்டு வருஷத்தில் போனவனைப் போலவே பாடினான். கண்ணை மூடிக்கொண்டால் வித்தியாசம் தெரியாது. சீட்டு எழுதி அனுப்பிக் கேட்டார்கள், ஒன்ஸ் மோர் கேட்டார்கள். நானும் கைதட்டினேன்.

இலக்கியத்தில் மட்டும் நாம் வேறு என்ன செய்கிறோம்? புதுமைப்பித்தன் செத்தது 1948இல். அன்றிலிருந்து அவர் நாற்காலிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். புதிதாக ஒருவன் கதையோடு வந்தால், இவன் யாருக்கு வாரிசு, யாரைவிடக் குறைவு என்று கேட்ட பிறகுதான் கதையைப் பிரிக்கிறோம். ஒப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மேலே நானும் ஒப்பிட்டேன். இருவரையும் தனித்தனியாகக் கேட்ட பிறகு ஒப்பிடு என்கிறேன். கேட்காமல் ஒப்பிடுவது, வந்தவனைப் போனவனாக மாற்றுகிற காரியம். அது பலிக்கவும் பலிக்கும். அதுதான் அதன் பயங்கரம்.

அந்தப் பையன் முதல் நாள் புதுப்பட்டினத்து மேடையில் பாடிய குரல் எப்படி இருந்தது என்று இப்போது ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். மெல்லியது, தயங்கியது என்ற இரண்டு வார்த்தைகள்தாம் மிஞ்சியிருக்கின்றன. குரல் ஞாபகமில்லை. அவனுக்கும் ஞாபகமிருக்குமா என்பது சந்தேகம்தான்.