மே மாதம் என்றால் ஊர்தானா?

நம் சங்கக் குடும்பங்களில் மார்ச் மாதம் பிறந்தாலே ஒரு கேள்வி கிளம்பிவிடும். "ஊருக்கு எப்போ? டிக்கெட் எடுத்தாச்சா?" மணிநகர் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும்போதும் இதே கேள்விதான், கோயில் பிரகாரத்திலும் இதே கேள்விதான். நவஜீவன் எக்ஸ்பிரசில் ஏறி, ஒன்றரை நாள் கழித்துச் சென்னையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்து அவரவர் ஊர் போய்ச் சேர்வது நமக்கு வருடாந்தரக் கடன். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கடனைத் தவணை தவறாமல் கட்டியவன்தான். ஆகவே நான் சொல்லப் போவதைக் கேட்டு அன்பர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது.

இந்த மே மாதம் நானும் என் மனைவியும் ஊருக்குப் போகவில்லை. தீவ் போய் வந்தோம். இருவர் மட்டும். மூன்று பகல், இரண்டு இரவு.

இதைச் சொன்னதும் எதிர்வீட்டு நண்பர் ஒரு சிரிப்புச் சிரித்தார். மதுவிலக்கு உள்ள குஜராத்தில் உட்கார்ந்துகொண்டு "தீவ் போகிறேன்" என்றால் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும். "இந்த வயசிலா சார்?" என்றார். நான் காப்பிக்கு மேல் எதையும் தொடாதவன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். என் மனைவி இன்னும் உஷார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடமெல்லாம் "சோமநாதர் தரிசனத்துக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டாள். அது பொய்யில்லை. இரவு வண்டியில் வேராவல் போய், காலையில் சோமநாதரைத் தரிசித்துவிட்டு, அங்கிருந்து கொடினார், ஊனா வழியாக சுமார் 90 கிலோமீட்டர் பஸ்ஸில் போனோம். ஆனால் தரிசனத்துக்குப் போகிறோம் என்றால் தலைநிமிர்ந்து சொல்லவும், புருஷனும் பெண்டாட்டியும் சும்மா இரண்டு நாள் கடலைப் பார்க்கப் போகிறோம் என்றால் ஒளித்து வைக்கவும் வேண்டியிருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்தத் தீவுக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த நான், 1991-இல் பாவ்நகர் கோட்டத்தில் பி.டபிள்யூ.ஐ.யாக இருந்தேன். அதாவது தண்டவாளப் பாதையைப் பராமரிக்கும் இன்ஸ்பெக்டர். வேராவலிலிருந்து கிர் காட்டுக்குள் புகுந்து தேல்வாடா வரை போகும் மீட்டர் கேஜ் பாதையில் புஷ் டிராலியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒருமுறை ஒரு பெண் சிங்கம் பாதையின் குறுக்கே படுத்துவிட்டது. டிராலிக்காரர்கள் நாலு பேரும் நானும் அரை மணி நேரம் மூச்சு விடாமல் காத்திருந்தோம். அது எழுந்து போனது எங்களுக்குப் பயந்து அல்ல, வெயில் ஏறிவிட்டதால்தான் என்று இன்றும் நினைக்கிறேன். அது கிடக்கட்டும். தேல்வாடா ஸ்டேஷனிலிருந்து தீவ் எட்டுப் பத்து கிலோமீட்டர்தான். அப்போது புதிதாகக் குடித்தனம் வந்திருந்த என் மனைவி, "அந்தக் கடலை ஒருநாள் காட்டுங்களேன்" என்று கேட்டாள். சாத்தூரில் பிறந்து கோவில்பட்டியில் வளர்ந்தவள், கரிசல் மண்ணைத் தவிர வேறு காணாதவள். "அடுத்த வருஷம் போகலாம்" என்றேன். அந்த அடுத்த வருஷம் வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஹோம் சிக்னலில் இவ்வளவு நேரம் நின்ற வண்டி எங்கள் ரயில்வேயில் வேறு எதுவும் கிடையாது.

ஏன் போகவில்லை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கோடை எங்கள் இலாகாவுக்குக் கண்டம். 13 மீட்டர் நீளத் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் நாலரை மில்லிமீட்டர் நீளும். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் அதற்கென்று இடைவெளி விட்டிருப்போம். அந்த இடைவெளி துருவும் மண்ணும் ஏறி அடைபட்டுப் போனால், நீள வழியில்லாமல் பாதை பக்கவாட்டில் பாம்பு போல வளைந்துவிடும். பிறகு வண்டி கவிழ வேறு காரணமே வேண்டாம். அதனால் மே மாதத்தில் லீவு கேட்டுப் போனால் மேலதிகாரியின் முகத்தைப் பார்க்க முடியாது. கெஞ்சி வாங்குவது 15 நாள். அந்தப் 15 நாளையும் அப்படியே ஊருக்குக் கொடுத்துவிடுவேன். இலவச பாஸ் இருக்கிறது, அதை எட்டாவது கிலோமீட்டருக்கா வீணாக்குவது, இரண்டாயிரம் கிலோமீட்டருக்குப் பயன்படுத்தினால்தானே லாபம் என்ற கணக்கு வேறு. ரயில்வேக்காரன் புத்தி!

ஊருக்குப் போவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. என் பிள்ளைகள் இருவரும் இன்று தமிழ் எழுதப் படிக்கிறார்கள் என்றால் அதற்கு அந்த மே மாதங்கள்தான் காரணம். இங்கே பள்ளியில் குஜராத்தியும் இந்தியும் பேசிவிட்டு வீட்டில் அரைகுறைத் தமிழில் இழுத்தவர்களை, தாத்தாவும் பாட்டியும் ஒரே மாதத்தில் சரி செய்து அனுப்புவார்கள். அதை எந்தச் சங்கத்து வகுப்பும் செய்ய முடியாது. ஆனால் என் தாயார் 2011-இல் காலமான பிறகு வீடு பாகம் பிரிந்தது. அதற்குப் பிறகும் பழக்கத்தில் போய்க்கொண்டே இருந்தோம். போய் இறங்கினால் தம்பி வீட்டுக்காரர்கள் முகம் கோணாமல்தான் வரவேற்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் மே மாதம் ஒன்றுதானே இருக்கிறது? நாம் வருகிறோம் என்பதற்காக அவர்கள் எங்கும் போகாமல் காத்திருந்திருக்கிறார்கள் என்பது மூன்று வருஷத்துக்கு முன்புதான் எனக்கு உறைத்தது.

தீவ் பற்றி நாலு வார்த்தை. பெயருக்குப் பொருளே தீவுதான். 1535-இல் காலூன்றிய போர்த்துக்கீசியர் 1961 டிசம்பர் 19 வரை விடவில்லை. கோட்டை மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் கல்லை வெட்டி எடுத்த அகழியுமாக நிற்கிறது. கட்டியவன் எதிரியே ஆனாலும் அஸ்திவாரத்துக்கு நான் சலாம் போட்டேன். எதிரே கடலுக்கு நடுவில் பானிகோட்டா என்று ஒரு குட்டிக் கோட்டை, நங்கூரம் போட்ட கப்பல் மாதிரி இருக்கிறது. 1971 டிசம்பர் 9-ஆம் தேதி இந்தக் கரைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட குக்ரி கப்பலுக்கு ஒரு குன்றின் மேல் நினைவிடம் உண்டு. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதனுடனேயே போனார். கீழே கூச்சல் போட்டுக்கொண்டு வந்த இளைஞர் கூட்டம் ஒன்று அங்கே வந்ததும் தானாக அடங்கியதைப் பார்த்தேன்.

என் மனைவிக்கு இவற்றில் எதுவும் பெரிதாகப் படவில்லை. அவள் வியந்து நின்றது ஒரு மரத்தைப் பார்த்து. ஹோக்கா என்கிறார்கள். பனைதான், ஆனால் கிளை விட்ட பனை! ஒரு தண்டு இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு பனந்தலை. நாகோவா கடற்கரைக்குப் போகும் வழியெல்லாம் அதுதான். பனையைப் பார்த்து, நுங்கு தின்று, கருப்பட்டி காப்பி குடித்து வளர்ந்தவளுக்கு இது ஏதோ வேடிக்கை போல இருந்தது. "பனைக்குக் கூட கிளை விடத் தெரியுமாங்க?" என்று கேட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள்.

இரண்டாம் நாள் காலை கோட்டைக்குப் போனோம். படி ஏறி மேல் தளத்துக்குப் போனால் கடல் முழுதும் தெரியும். நாலு படி ஏறியவள் நின்றுவிட்டாள். மூட்டு வலி. வாசல் நிழலில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. அப்பவே வந்திருந்தா நானும் ஏறியிருப்பேன்" என்றாள். குறை சொல்லும் குரல் இல்லை. சாதாரணமாகச் சொன்னாள். நான் மேலே போகவில்லை.

அன்று மாலை நாகோவாவில் மணலில் உட்கார்ந்திருந்தோம். லாடம் போல வளைந்த கரை, அலை அவ்வளவாக இல்லை. அவள் கணுக்கால் வரை நனைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்து, "கல்யாணம் ஆன நாளிலேருந்து, இன்னைக்கு என்ன சமைக்கிறதுன்னு யோசிக்காம கண் முழிச்சது இந்த ரெண்டு நாள்தான்" என்றாள். நான் உடனே, "ஏன், ஊருக்குப் போகும்போது ஒரு மாசம் ஓய்வுதானே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "லீவு உங்களுக்குத்தானே" என்றாள்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊரில் எங்கள் வீட்டில் கோடைக்கு இருபது பேர் கூடுவோம். நான் திண்ணையில் பேப்பர் படிப்பேன், பழைய நண்பர்களைத் தேடிப் போவேன். அவள் காலை ஐந்து மணிக்கு அடுப்படிக்குள் போனால் இரவு பத்துக்குத்தான் வெளியே வருவாள். பிறந்த வீட்டுக்கு மூன்று நாள் அனுப்புவோம், அதுவும் நல்ல நாள் பார்த்து. இப்படி முப்பது கோடைகள். அடைபட்ட இடைவெளியைப் பற்றி கேங்மேன்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

நம் சங்கத்தில் சுற்றுலா இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, நானும் போயிருக்கிறேன். ஐம்பது பேர், ஒரு பஸ், அந்தாக்ஷரி. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முதல் நாள் இரவு யார் விழித்திருந்து புளியோதரை கிளறினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். செயற்குழு அன்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அடுத்த சுற்றுலாவுக்காவது சாப்பாட்டை வெளியே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் படிக்கும் வயதில் இருக்கும் இளைய குடும்பங்களுக்கு என் யோசனை இதுதான்: ஊருக்குப் போகும் ஒரு மாதத்தில் நாலே நாலு நாளைக் கிள்ளி எடுங்கள். அந்த நாலு நாளில், நீங்கள் வாழும் இந்த மாநிலத்தில் ஓரிடத்துக்குப் போங்கள். முடிந்தால் பிள்ளைகளை நம்பகமான வீட்டில் விட்டுவிட்டு இருவர் மட்டும். வேலை பார்க்கும் மண்ணைச் சுற்றிப் பார்க்காமலே சர்வீஸ் முடித்தவர்கள் நம்மில் அநேகர். 2023 ஏப்ரலில் சோமநாத்தில் சௌராஷ்டிரா தமிழ்ச் சங்கமம் நடந்ததே, நினைவிருக்கிறதா? இந்தக் கரையிலிருந்து பல நூற்றாண்டு முன்பு போன மக்கள் மதுரையில் தங்கள் மொழியை வீட்டில் வைத்துக்கொண்டு மதுரையையும் சொந்த ஊராக்கிக் கொண்டார்கள். வருஷா வருஷம் மே மாதம் இங்கே வந்து போனதாகத் தெரியவில்லை!

தீவ் போவதானால் சனி ஞாயிறு வேண்டாம். அப்போது வரும் கூட்டம் கடலுக்காக வருவதில்லை, மணலில் காலி பாட்டில் கிடக்கும். வார நடுவில் போனால் குடும்பத்தோடு நிம்மதியாக இருக்கலாம். மே மாதத்துக்குள் போய்விடுங்கள், ஜூன் பிறந்தால் மழைக்காலக் கடல், இறங்க முடியாது. ஃபுதம் கிராமத்தில் கடலோரப் பாறைக்குள் ஐந்து லிங்கங்கள் இருக்கின்றன, அலையே வந்து அபிஷேகம் செய்துவிட்டுப் போகிறது. அங்கே மட்டும் படி இறங்க என் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள், ஏறி வந்தும் கொஞ்ச தூரம் விடவில்லை.

திரும்பும்போது தேல்வாடா ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆட்டோ பிடித்துப் போனோம். ஆளில்லாத பிளாட்பாரத்தில் ஐந்து நிமிஷம் நின்றோம். "இங்கேருந்துதான் அடுத்த வருஷம்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள். இங்கிருந்து இல்லை, வேராவல் குவார்ட்டர்ஸில் வைத்துச் சொன்னேன் என்று திருத்தினேன்.

டிசம்பரில் கட்ச் பக்கம் மாண்ட்வி கடற்கரை என்று இப்போதே முடிவாகியிருக்கிறது. என் ஓய்வூதியர் பாஸை எடுத்து வைத்தேன். அதெல்லாம் வேண்டாமாம், டிக்கெட்டை அவளே எடுத்துக்கொள்வாளாம்.