பண்டிகைக் கிண்ணத்தில் நம் கொழுந்து

பண்டிகை நெருங்கினால் திம்புள்ளத் தோட்டங்களில் இரண்டு கணக்குகள் திறக்கப்படுகின்றன. ஒன்று தோட்டக் காரியாலயத்தில் எழுதப்படும் முற்பணக் கணக்கு. மற்றொன்று சாராயக் கடையில் ஏறும் கணக்கு. முன்னது மாதந்தோறும் சம்பளத்திற் கழிந்து ஒருநாள் தீரும். பின்னதோ தாயின் கைச்செலவிலும் பிள்ளையின் புத்தகத்திலும் கழிந்துகொண்டேயிருக்கும், தீர்வதில்லை.

கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்தளித்த பின்னர், அதற்கு உரை சொல்ல நாம் இங்கு வரவில்லை. நமது கேள்வி வேறு. சென்ற தைப்பொங்கலன்று தோட்டமொன்றில் விழாக் கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். ஆண்கள் சிலர் போத்தலுடன் லயத்துப் பின்புறம் ஒதுங்கினர். பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்கப்பட்டது. அப்போது கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவர் நம்மைப் பார்த்து, “ஆம்பிளைகளுக்குப் போத்தல், பிள்ளைகளுக்கு மிட்டாய், எங்களுக்கு என்னங்க ஐயா?” என்று கேட்டார். வழக்குமன்றத்தில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொன்ன நாம் இதற்கு விடையின்றி நின்றோம். குடியாத பெரியவருக்குச் சாயமிட்ட சோடாவைத் தவிர நம் பண்டிகைகள் எதைத்தான் கொடுக்கின்றன?

அந்த விடையைத் தேடிப் பார்த்தோம். துரைமாரின் கிளப்புகளில் நத்தார் காலத்தில் பெருங்கிண்ணம் ஒன்றில் ‘பஞ்ச்’ என்னும் பானம் கலக்கப்படும். நம் தொழிலாளர் அங்கே விருந்தினராக அமர்ந்ததில்லை. கிண்ணத்தைச் சுமந்ததோடு சரி. ஆயினும் அந்தப் பானத்தின் பூர்வீகம் எது? 1632ஆம் ஆண்டிலேயே இந்தியாவிலிருந்த ஆங்கிலக் கம்பெனி ஊழியர் ஒருவரின் கடிதத்தில் அச்சொல் வந்துவிட்டது. ஐந்து என்று பொருள்படும் ‘பஞ்ச’ என்பதிலிருந்தே அது பிறந்ததென்று அறிஞர் பலர் கருதுவர். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், வாசனைச் சரக்கு என்பனவே அவ்வைந்து. இவற்றுள் சாராயத்தை நீக்குங்கள். எஞ்சிய நான்கும் நம் பாட்டிமார் திருவிழாவில் கரைத்த பானகமன்றோ? காலியான ஐந்தாம் இடத்திற்குத் திம்புள்ளத் தேயிலையைவிடத் தகுதியுடையது எது?

இருபத்தைந்து பெரியவர்களுக்குச் செய்யும் முறை இது. இரண்டு லீற்றர் நீரில் நசுக்கிய இஞ்சி 50 கிராம், கறுவாப்பட்டை இரண்டு, கராம்பு எட்டு ஆகியவற்றை இட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்கி, நல்ல தேயிலை 40 கிராம் இட்டு மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். தாமதித்தால் துவர்ப்பு மிகும். சூட்டிலேயே சர்க்கரை 250 கிராம் கரைத்துத் தானாக ஆற விடுங்கள். அவசரப்பட்டுப் பனிக்கட்டி இட்டால் சாயம் கலங்கும். ஆறிய பின் அன்னாசிச் சாறு ஒரு லீற்றர், தோடம்பழச் சாறு அரை லீற்றர், பதினைந்து கொடித்தோடைப் பழங்களின் சாறு, கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர் சேருங்கள். எலுமிச்சை ஆறினைக் கடைசியிற் பிழியுங்கள். நிறம் வெளுத்துப் பொன்னாகும். கொய்யாவும் மரத்தக்காளியும் சிறு துண்டுகளாய் மிதக்கட்டும். நீரிழிவு உள்ளவர்க்குச் சர்க்கரை சேர்க்காத சாயத்தில் ஒரு பங்கைத் தனியே கலந்து வைப்பது விருந்தோம்பும் வீட்டின் கடமை.

சட்டம் பயின்றவர் என்ற முறையில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பழச்சாற்றைப் பல நாள் மூடிவைத்துப் புளிக்க விடாதீர்கள். அனுமதிப்பத்திரமின்றி மதுவகை செய்வது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அன்று கலந்ததை அன்றே பருகுங்கள். இரண்டாவது, பொதுக் கிண்ணத்தில் எவரும் எதையும் ஊற்ற இடங்கொடாதீர்கள். இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மது விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. விற்றால்தான் குற்றம், ஊற்றினால் இல்லை என்று வாதாடுவது நம் பிள்ளைகளுக்கு எதிராக நாமே வழக்காடுவதாகும். ஊர் பேர் தெரியாத கசிப்பு என்றால் ஆபத்து இன்னும் பெரிது. 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களிற் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அந்தச் செய்தி நமக்கும் உரியது.

இதற்கெல்லாம் பணம் ஏது என்று சிலர் கேட்கலாம். மேலே கூறிய பொருள்களின் விலையை ஒரு போத்தல் சாராயத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தையே தீர்ப்புச் சொல்லும். பழத்துக்குக் கொடுக்கும் காசு நம்மைப்போல் மண்ணைக் கிளறும் ஒரு விவசாயியின் வீட்டிற்குப் போகும் என்பதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால், தொழிலாளி குடிப்பதாலேயே ஏழையானான் என்று ஓதும் கூட்டத்தாரோடு நாம் ஒருநாளும் சேரோம். மழையிலும் குளிரிலும் மலையேறி இறங்கும் உடம்பு, ஒற்றை அறை லயம், போதாத கூலி ஆகிய இவைதாம் போத்தலுக்கு வழிகாட்டிய கைகள். ஒரு கிண்ணப் பானத்தால் கூலி உயராது; லயம் வீடாகாது. அவற்றுக்கான போராட்டம் வேறு, அது தொடரும். எனினும் அந்தப் போராட்டத்துக்குக் கூடும் மக்கள் ஆண் ஒருபுறமும் பெண் ஒருபுறமுமாகப் பிரிந்து நின்றால் எதை வெல்வோம்? ஒரே பாத்திரத்திலிருந்து யாவரும் அருந்தும் நாளில்தான் சபை சபையாகும்.

ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளத் தேயிலை மணம் மிகுந்திருக்கும் பருவம். தைப்பொங்கல் அதன் வாயிலில் நிற்கிறது. அந்தக் கொழுந்து கொழும்பு ஏலத்திற்கும் கடல் கடந்தும் போகிறது. பறித்தவர் வீட்டில் கொதிப்பதோ பெரும்பாலும் மலிவான தூள். கோயிற் கமிட்டிகளையும் தொழிற்சங்கக் கிளைகளையும் இளைஞர் மன்றங்களையும் நாம் கேட்பது இதுவே: வருகிற பொங்கலன்று நல்ல தேயிலையில் ஒரு பிடியாவது நம் கிண்ணத்துக்கு வரட்டும். முதற் கோப்பை, கேள்வி கேட்ட அந்த அம்மையாருக்குப் போகட்டும்.