கிருஷ்ணகிரிக் காடும் பயங்கரவாதம் என்ற சொல்லும்

2024 மார்ச் 1 அன்று பெங்களூரு ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது. மதிய நேரத்தில் சாப்பிட வந்தவர்களும் அங்கே வேலை செய்தவர்களும் காயமடைந்தார்கள். அதைச் செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ஒன்றிய இணையமைச்சர் ஷோபா கரந்தலாஜே, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே குண்டு வைக்கிறார்கள் என்று பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும், கிருஷ்ணகிரிக் காட்டில் பயிற்சி பெற்றவர்களைத்தான் சொன்னதாக விளக்கம் கொடுத்தார். ஏப்ரல் 12 அன்று மேற்கு வங்கத்தில் என்.ஐ.ஏ. கைது செய்த முக்கியச் சந்தேக நபர்கள் இருவரும் கர்நாடகத்தின் தீர்த்தஹள்ளிக்காரர்கள். அவர்கள் தமிழ்நாட்டிலும் தங்கியிருந்ததாகச் செய்திகள் வந்தன. இருவரின் தடத்தைத் தேடிப் போவது விசாரணை. ஒரு மாவட்டத்தையே கூண்டில் ஏற்றுவது அரசியல். அமைச்சர் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், வழக்கும் ரத்தானது. ஆனால் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி அன்றாடம் வேலைக்குப் போகும் தொழிலாளியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இந்த எல்லைக் காடுகளுக்கு அந்தச் சொல் புதிதல்ல. வீரப்பன் வேட்டையின்போது இரு மாநில அதிரடிப்படைகளும் மலைக்கிராம மக்களைப் பிடித்துச் சென்று சித்திரவதை செய்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் தடா சட்டத்தில் மைசூர் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். சதாசிவா விசாரணைக் குழுவுக்குப் பிறகு, 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு அறிவித்தது. 2002 நவம்பரில் ஊத்தங்கரைப் பகுதியில் ஓர் இளைஞர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார், 26 பேர் மீது பொடா பாய்ந்தது. அவர்களில் ஒருவர் சிறுவர். சிறார் நீதிச் சட்டம் அவருக்கும் பொருந்தும் என்பதை நிலைநாட்டவே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2012 நவம்பர் 7 அன்று அண்டை தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தீக்கிரையாயின. காரணம் ஒரு சாதி மறுப்புத் திருமணம். 250க்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாயின. 2018 நவம்பரில் ஓசூரில் வாழ்ந்த சாதி மறுப்புத் தம்பதி கடத்தப்பட்டு, கர்நாடகத்தில் காவிரியில் பிணங்களாக மிதந்தார்கள். மக்களில் ஒரு பிரிவினரை அச்சுறுத்தும் நோக்கில் வெடிபொருளோ தீப்பற்றும் பொருளோ கொண்டு உயிருக்கும் உடைமைக்கும் சேதம் செய்வது பயங்கரவாதச் செயல் என்கிறது உபா சட்டத்தின் 15ஆவது பிரிவு. நத்தத்தை இந்த வரிகளோடு வைத்துப் படித்துப் பாருங்கள். ஆனாலும் எந்த அமைச்சரும் அதைப் பயங்கரவாதம் என்று சொல்லவில்லை.

அப்படியானால் சாதி வெறியர்கள் மீதும் உபாவைப் பாய்ச்சலாமா? வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு. பிணை கிடைப்பதையே அரிதாக்கும் ஆள்தூக்கிச் சட்டம் கடைசியில் யாரைத் தூக்கும் என்பதற்கு ஆனந்த் டெல்டும்டே சாட்சி. 2020இல் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளன்று சிறைப்பட்ட அவர், பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டதற்கு முகாந்திரம் இல்லை என்று மும்பை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2022 நவம்பரில்தான் வெளியே வந்தார்.

உலக அளவிலும் இதே குழப்பம்தான். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1373ஆவது தீர்மானம், பயங்கரவாதத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றும்படி எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்தியது. பயங்கரவாதம் என்றால் என்ன என்று மட்டும் வரையறுக்கவில்லை. அந்த வெற்றிடத்தை அரசுகள் தத்தம் எதிரிகளைக் கொண்டு நிரப்பின. ஒரே மாதத்தில் இந்தியாவில் பொடா அவசரச் சட்டமாக வந்தது.

கடுமையான சட்டம் மக்களைக் காக்குமா என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். தற்காலிகம் என்று சொல்லி 1979இல் தமிழர் மீது ஏவப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 40 ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தபோதுதான் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் 260க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியா முன்கூட்டியே எச்சரித்திருந்தது. சூத்திரதாரி சஹ்ரான் மீது காத்தான்குடி முஸ்லிம்களே முன்பு புகார் கொடுத்திருந்தார்கள். அலட்சியமாக இருந்ததற்காக முன்னாள் அதிபர் சிறிசேனா 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தச் சட்டமோ, தமிழில் கவிதை எழுதிய அஹ்னாப் ஜசீம் என்ற முஸ்லிம் இளைஞரை 2020இல் சிறையில் தள்ளியது. 2023இல் அவர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

ஆக, அரசுகள் செய்ய வேண்டியது என்ன? பயங்கரவாதத்தைச் செயலை வைத்து மட்டுமே வரையறுக்க வேண்டும். படித்த புத்தகமும் பிறந்த ஊரும் கும்பிடும் சாமியும் சாட்சியமாகக் கூடாது. எச்சரிக்கை வந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். சந்தேகத்துக்குரியவர்களாகப் பார்க்கப்படும் மக்களிடமிருந்துதான் பெரும்பாலும் முதல் தகவல் வரும், அவர்களை மிரட்டினால் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும். பிணை இயல்பான உரிமையாக வேண்டும். பொய் வழக்கில் சிறையிருந்தவர்களுக்குச் சட்டப்படி இழப்பீடு வேண்டும். நத்தங்கள் திரும்ப நடக்காமலிருக்கப் புதுச் சட்டம் தேவையில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது, கடமை தவறும் அதிகாரியைத் தண்டிக்க 4ஆவது பிரிவும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினாலே போதும்.

பெங்களூரு உணவகத்தில் சாப்பிட வந்தவருக்கும் நத்தம் காலனியில் தூங்கப் போனவருக்கும் அச்சமின்றி வாழும் உரிமை ஒன்றுதான். பயங்கரவாதத்தை ஒழிக்கிறோம் என்று இனி எந்த அரசு சொன்னாலும், யாருடைய அச்சத்தை அது கணக்கில் எடுக்கிறது என்று முதலில் கேட்போம்.