கொல்லையில் ஓர் எலுமிச்சை

கொல்லையில் பத்தடி இடமும் வெயிலும் உள்ள அங்கத்தினர் எவரும் கோடையில் எலுமிச்சம்பழத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை என்பது எனது துணிபு.

ஒட்டுக்கன்றுக்காகப் பலர் காத்திருக்கின்றனர், அது அவசியமன்று. எலுமிச்சை பண்டைக் கலப்பினமே. பிலிப்பைன் தீவுகளின் காட்டு மரமொன்று தாய், தடித்த தோலுடைய சிட்ரான் தந்தை. ஆயினும் அதன் ஒரே வித்தில் பல முளைகள் எழும். அவற்றுள் பெரும்பாலானவை தாய்மரத்தையே ஒத்திருக்கும். ஆதலின், நன்கு காய்ப்பதும் சொறிநோய் அற்றதுமான அயலார் மரத்துப் பழவித்தே போதும். அதனை உலரவிடாமல் உடனே ஊன்றுதல் வேண்டும். காய்ப்புக்கு நான்கைந்து ஆண்டு பொறுத்தல் வேண்டும். விரைவு வேண்டுவோர் பதியன் வைக்கலாம்.

நெசவாளர் வீடுகளில் கொடுமையொன்று காண்கிறேன். சாயத்தொட்டி நீரை மரத்தடியிலேயே ஊற்றுகின்றனர். சாயத்தில் உப்பும் சோடாவும் சேர்ப்பதை அறியாதவர்களா இவர்கள்? எலுமிச்சை உப்பைத் தாங்காது. இலைநுனி கருகி, நாளடைவில் மரமே பட்டுப்போகும். (கிணறு கெடுவது தனிக் கதை.) அரிசி களைந்த நீரை ஊற்றுங்கள், அதுவும் அடிமரத்தைத் தொட்டுத் தேங்கலாகாது.

மலிவுக் காலத்தில் மிகும் காய்களை உப்பிலிட்டு வைத்தால் ஆண்டு முழுதும் ஊறுகாய்க்குக் குறைவில்லை. நாரத்தையாயின் சுருளாக அரிந்து, உப்பிட்டு, வெயிலில் உலர்த்துக. காய்ச்சலில் வாய் கசந்தவருக்குக் கஞ்சியுடன் அதுவே உகந்தது.